பழைய புல்லட் இன்ஜினில் புரியாத சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டிகளுக்கானது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வடிவமைத்த இந்த இன்ஜின் 1950-களின் நடுவிலிருந்து சென்னை திருவொற்றியூரில் தயாரானது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. புஷ் ராடு (வால்வைத் திறக்கும் ராக்கரைத் தள்ளும் கம்பி), பாயின்ட் செட் (பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனைகள்), தனி கியர் பாக்ஸ் என்று எல்லாமே கையால் திறந்து பார்க்கக்கூடியவை. அதனாலேயே கொஞ்சம் சத்தம் மாறினாலும் "இன்ஜினைப் பிரிச்சிரலாம்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். பிரிப்பது கடைசி வேலை. பெரும்பாலான சத்தங்களின் காரணம் ஒரு கவரைக் கழற்றினாலே தெரிந்துவிடும்.

திடீரென்று புதுச் சத்தம் கேட்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

எண்ணெயை. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் எண்ணெயை.

இந்த இன்ஜினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸின் (கிராங்க் என்ற சுழல்தண்டு இருக்கும் கீழ்க்கூடு) பின்பகுதியிலேயே இருக்கிறது. 20டபிள்யூ50 எண்ணெய் சுமார் 2 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றிருந்தால், தொட்டியிலிருந்த எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்குக்குக் கீழே போய்ச் சேரும். அப்போது டிப் ஸ்டிக்கில் எண்ணெயே இல்லாததுபோல் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மேலே ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பிறகு அளவு பாருங்கள். ஊற்றிவிட்டால் எண்ணெய் அதிகமாகி பிரீதர் (உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி) வழியாகக் கக்கும்.

அளவு சரி என்றால், எண்ணெய் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே ராக்கர் பாக்ஸுக்குப் போகும் மெல்லிய குழாயின் பான்ஜோ போல்ட்டை (எண்ணெய் போக நடுவில் துளையுள்ள போல்ட்), இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒரு சுற்று தளர்த்துங்கள். சற்று நேரத்தில் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூடாது. ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புல்லட்டின் சைலன்சர் அடிப்பையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். கேம் ஷாஃப்ட் அந்த நேரத்தில் ஒரே ஒரு சுற்று. ஆகவே ஐடிலிங்கைக் குறைத்து வைத்து, சைலன்சரின் ஒவ்வொரு "டுப்"புக்கும் அந்தச் சத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு "டுப்"புக்கு ஒரு முறை என்றால் டேப்பெட் (கேம் மேல் உட்கார்ந்து புஷ் ராடைத் தள்ளும் தண்டு), புஷ் ராடு, ராக்கர், கேம், சைலன்சர் கசிவு ஆகியவற்றில் ஒன்று. இரண்டு முறை என்றால் கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற பொருள்: ரோட்டர் (ஆல்டர்னேட்டரின் சுழலும் காந்தம்), பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் மூட்டு) போன்றவை. பிஸ்டன் அடிப்பு இதில் விதிவிலக்கு. அது கிராங்க் பக்கத்துப் பொருளானாலும் வெடிக்கும் போதுதான் பலமாக அடிக்கும், அதனால் ஒரு முறை மட்டுமே கேட்பதுபோல் இருக்கும். தாளமே இல்லாமல் கடகடவென்று வந்தால் பிரைமரி செயின் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்), அல்லது வெளியே ஏதோ ஒன்று லூஸ்.

அடுத்தது இடம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். ராக்கர் கவர் இரண்டு, வலப்பக்க டேப்பெட் கவர், டைமிங் கவர், இடப்பக்க பிரைமரி கவர், கிராங்க் கேஸின் அடிப்பகுதி என்று வரிசையாக வையுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதுதான் இடம். இரும்பு வழியாகச் சத்தம் ஓடும் என்பதால் ஒரே இடத்தில் கேட்டதை வைத்து முடிவு கட்டக்கூடாது. எல்லா இடத்தையும் ஒப்பிட வேண்டும். துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த வேட்டி எதுவும் பின் செயின் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத சத்தமாக இருக்குமா?

நிறைய நேரம் அதுதான். ஹெட்டையும் ஃபிரேமையும் இணைக்கும் பட்டையின் போல்ட் தளர்ந்தால் இன்ஜினே உடைவதுபோல் சத்தம் வரும். இன்ஜின் மவுன்டிங் ஸ்டட், சைலன்சர் கிளாம்ப், டூல் பாக்ஸ் மூடி, மட்கார்டு கம்பி, செயின் கார்டு, டேங்க் ரப்பர் எல்லாவற்றையும் ஸ்பேனரால் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்தினால், சத்தம் நிற்கும் இடத்தில் பிடிபட்டுவிடும். சைலன்சர் மட்டும் சூடு, கட்டையால் அழுத்துங்கள்.

வலப்பக்கம் "டிக் டிக்" என்று சீரான சத்தம். டேப்பெட்டா?

பெரும்பாலும் ஆம். ஆனால் இந்த இன்ஜினில் லேசான டிக் டிக் இருப்பதுதான் இயல்பு. டேப்பெட் சத்தமே கேட்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும், காற்றழுத்தம் குறையும், கிக் லேசாகிவிடும்.

செட் செய்யும் முறை இது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே நல்லது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் மேலே வரும்வரை சுற்றுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும் மேல்நிலைதான் தேவை. எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் மேல்நிலையில் இரண்டு வால்வும் கொஞ்சம் திறந்திருக்கும். அங்கே செட் செய்தால் எல்லாமே தப்பாகிவிடும். சரியான நிலையில் வைத்துவிட்டுச் சிறிது முன்னும் பின்னும் அசைத்தால் இரண்டு புஷ் ராடும் நகராது. அதுதான் அடையாளம்.

சிலிண்டரின் வலப்பக்கம் உள்ள டேப்பெட் கவரின் நட்டைக் கழற்றுங்கள். உள்ளே புஷ் ராடுகளின் அடிமுனை தெரியும். டேப்பெட் தண்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். அளவு: புஷ் ராடை இரு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டமே இருக்கக்கூடாது. இரண்டு வால்வுக்கும் இதே கணக்கு. இன்ஜின் சூடானதும் சிலிண்டர் நீண்டு இடைவெளி தானாகக் கொஞ்சம் கூடும் என்பதால்தான் குளிர்ந்த நிலையில் இப்படி ஆட்டமில்லாமல் வைக்கிறார்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது கடைசிப் படியில். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் சேர்ந்து திரும்பிவிடும். இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள். மாறியிருந்தால் திரும்பச் செய்யுங்கள். மூன்று தடவை ஆனாலும் பரவாயில்லை. டீகம்ப்ரஷன் வயரிலும் (கிக் அடிக்கும்போது சிலிண்டரின் அழுத்தத்தை விடும் லீவரின் வயர்) சிறிது லூஸ் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். வயர் இழுத்துக்கொண்டிருந்தால் காற்றழுத்தம் கசியும்.

டேப்பெட்டைச் சரியாகச் செட் செய்தும் டிக் டிக் போகவில்லையே?

அட்ஜஸ்ட்மென்ட் தீர்க்க முடியாத தேய்மானம் இருக்கலாம். அலுமினியப் புஷ் ராடின் முனைகளில் செருகியிருக்கும் இரும்பு மூடி தளர்ந்தால், வெளியே அளவு சரியாக இருக்கும், ஓடும்போது உள்ளேயே தட்டும். புஷ் ராடை வெளியே எடுத்து மூடியைத் திருகிப் பாருங்கள். கையோடு சுற்றினால் அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அடுத்து ராக்கர் கவரைக் கழற்றி ராக்கரைப் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் ஆட்டிப் பாருங்கள். மேல் கீழ் ஆட்டம் இருந்தால் அதன் இருக்கை தேய்ந்திருக்கிறது.

டேப்பெட்டின் அடித்தட்டு குழிவிழுந்தாலும், கேம் முனை உரிந்தாலும், சில நாளிலேயே இடைவெளி திரும்பத் திரும்ப மாறும். "போன வாரம்தான் செட் பண்ணேன், மறுபடி சத்தம்" என்றால் டைமிங் கவரைத் திறக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சைலன்சர் பைப் ஹெட்டுக்குள் செருகும் இடத்தில் கசிந்தால் அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே டிக் டிக் என்று வரும், அதே தாளத்தில். அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் சோப்புத் தண்ணீர் தெளித்தாலும் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். டேப்பெட்டோடு மல்லுக்கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. பிளக் சரியாக இறுகாவிட்டாலும் "ச்சக் ச்சக்" என்று காற்று அடிக்கும்.

இடப்பக்கம் கடகடவென்று அடிக்கிறது. ஐடிலிங்கில் அதிகம், வேகத்தில் குறைவு.

பிரைமரி செயின். கால் மிதியையும் பிரேக் மிதியையும் கழற்றி, நடுவில் உள்ள ஒரே நட்டை எடுத்தால் கவர் வந்துவிடும். கீழே தட்டு வையுங்கள், சுமார் 420 மி.லி. எண்ணெய் கொட்டும். கவரின் உட்புறத்தில் செயின் உரசிய கோடு பளபளவென்று தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

மேல் ஓட்டத்தின் நடுவில் சுமார் 6 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல், இன்ஜினைச் சிறிது சிறிதாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். பழைய செயின் ஒரே சீராக நீளாது. லூஸான இடத்தில் அளந்து இறுக்கினால், இறுகிய இடம் வரும்போது கிராங்கின் பேரிங்கையும் கியர் பாக்ஸ் ஷாஃப்டையும் பிடித்து இழுக்கும். அட்ஜஸ்டர் ஸ்க்ரூ கடைசிவரை போயும் ஆட்டம் குறையவில்லை என்றால் செயினை மாற்றுங்கள்.

கீழிருந்து "டொக் டொக்" என்று கனமான அடி. பிக் எண்ட் போய்விட்டது என்கிறார்கள். உறுதி செய்வது எப்படி?

அதிகப் பணம் வீணாவது இந்தக் கேள்வியில்தான், அவசரப்படாதீர்கள். பிக் எண்ட் என்று சொல்லிப் பிரிக்கும் முன் ஆல்டர்னேட்டர் ரோட்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரோட்டர் கிராங்க் ஷாஃப்டின் இடது முனையில், பிரைமரி கவருக்குள் இருக்கிறது. சின்னக் கீ ஒன்றும் நட்டு ஒன்றும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும், கனமான அந்தக் காந்தம் கிராங்க் சுற்றும்போதெல்லாம் கீயில் போய் அடிக்கும். கேட்க அப்படியே பிக் எண்ட் மாதிரி, ஒரு சுற்றுக்கு ஓர் அடி. பிரைமரி கவரைக் கழற்றி, ரோட்டரைக் கையால் பிடித்து இருபுறமும் திருகிப் பாருங்கள். கிராங்க் நகராமல் ரோட்டர் மட்டும் அசைந்தால் நோய் இதுதான். கீ, கீ உட்காரும் பள்ளம் இரண்டும் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, கீயைப் புதிதாகப் போட்டு, நட்டை வாஷரோடு நன்றாக இறுக்குங்கள்.

அப்படியே ஸ்டேட்டருக்கும் (ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்) ரோட்டருக்கும் இடையே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று சரிபாருங்கள். இரும்பு ஃபீலர் கேஜை காந்தம் பிடித்து இழுத்துத் தவறான அளவு காட்டும். பித்தளை கேஜ் நல்லது. ஓர் இடத்தில் உரசிய பளபளப்பு இருந்தால், ஸ்டேட்டர் ஸ்டட் வளைந்திருக்கலாம் அல்லது கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். வண்டியை ஓட்டும்போது உரசல் கூடினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ரோட்டர் இறுக்கமாக இருந்தால் அடுத்து ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கலாம். பிக் எண்ட் தேய்ந்தால் ஐடிலிங்கில் பெரிதாகத் தெரியாது. டாப் கியரில் 50 கி.மீ. வாக்கில் ஒரே சீராகப் போகும்போது, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தும் விட்டும் பார்த்தால், இழுவையும் விடுதலையும் மாறுகிற அந்த இடத்தில் டொக் டொக் என்று வரும். மெயின் பேரிங் போனால் தனித்தனி அடியாக இல்லாமல் "குர்ர்" என்று முழங்கும். கால் மிதியில் அதிர்வாகவே உணர முடியும்.

கடைசி உறுதி, ஹெட்டும் சிலிண்டரும் கழன்ற பிறகுதான். பிஸ்டனை மேல்நிலையில் வைத்து கனெக்டிங் ராடை நேராக மேலும் கீழும் இழுத்துத் தள்ளுங்கள். கையில் "டக்" என்று ஆட்டம் தட்டினால் பிக் எண்ட் போயிற்று. பக்கவாட்டில் ராடு சாய்ந்தாடுவது இயல்பே. அதைக் காட்டி "பாருங்க, எவ்வளவு ஆடுது" என்றால் நம்பிவிடாதீர்கள்.

காலையில் மட்டும் "கொட் கொட்" என்று கேட்டு, சூடானதும் போய்விடுகிறது. ஆபத்தா?

பிஸ்டன் போருக்குள் சாய்ந்து அடிக்கிற சத்தம். அலுமினியப் பிஸ்டன் சூடானதும் விரிந்து இடைவெளியை நிரப்பிவிடுவதால் சத்தம் அடங்குகிறது. புகை இல்லை, எண்ணெய் குறையவில்லை என்றால் இப்படியே பல காலம் ஓட்டலாம். சூடான பிறகும் தொடர்ந்து, நீலப்புகையும் சேர்ந்தால் போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் முளை) புஷ் தேய்ந்தால் சத்தம் வேறு மாதிரி: மெல்லிய, கூர்மையான இரட்டைத் தட்டு. சூடானாலும் குறையாது.

மேட்டில் ஏறும்போது மட்டும் கலகலவென்று சத்தம் வருகிறது.

தகரடப்பாவில் கோலிக்குண்டு குலுங்குவதுபோல் கேட்டால் அது பிங்கிங். தேய்மானம் இல்லை, பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் வெடிக்கிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்தவுடன் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

முதலில் பாயின்ட் இடைவெளி: 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி கூடினால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) முன்னே போகும், அதனால் இதைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். 350-க்கு அட்வான்ஸ் (வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டி வரவைப்பது) முழுதும் பின்னால் இருக்கும் நிலையில், பிஸ்டன் மேல்நிலைக்கு 0.8 மி.மீ. முன்பு பாயின்ட் திறக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பிங்கிங் வந்தால், ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். தளர்ந்த ஸ்பிரிங் குறைந்த வேகத்திலேயே முழு அட்வான்ஸுக்குப் போய்விடும். பிஸ்டன் தலையில் படிந்த கரி, மெலிந்த பெட்ரோல் கலவை, கார்புரேட்டர் பக்கக் காற்றுக்கசிவு ஆகியவை அடுத்தடுத்த காரணங்கள். நான்காவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் மேட்டில் முறுக்கினால் நல்ல இன்ஜினும் பிங் அடிக்கும், கியரைக் குறையுங்கள்.

டைமிங் கவருக்குள்ளிருந்து "உய்ய்ங்" என்று ஊளை. அல்லது கரகரப்பு.

டைமிங் கியர்கள். ஊளை என்றால் பற்கள் இறுகிக் கடிக்கின்றன. கரகரப்பு என்றால் இடைவெளி அதிகம். கியர்கள் சுழலும் ஸ்பிண்டில்கள் மையம் விலக்கிக் கடையப்பட்டவை என்பதால், திருப்பினால் பற்களின் இடைவெளி மாறும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கவரை யார் திறந்தாலும் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். கிராங்க் முனையில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடமரை; வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். கவரிலிருந்து கிராங்குக்குள் எண்ணெய் போகும் இடத்தில் சின்ன சீல் ஒன்று இருக்கிறது. அதைப் பழையதாகவே போட்டு, அது கசிந்தால், பிக் எண்டுக்கு எண்ணெய் போகாது. சத்தத்தைத் தீர்க்கப்போய்ப் பெரிய சத்தத்தை வாங்கியதாகிவிடும்.

நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச் பிடித்தால் நின்றுவிடுகிறது.

இன்ஜினை விட்டுவிடுங்கள், கியர் பாக்ஸ். கிளட்ச் பிடித்ததும் மெயின் ஷாஃப்ட் நிற்கிறது, அதனால் சத்தமும் நிற்கிறது. முதலில் கியர் பாக்ஸ் எண்ணெய் அளவைப் பாருங்கள். அப்படியே இருந்தால் பேரிங் அல்லது புஷ். இதற்கு நேர்மாறாக, கிளட்ச் பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் டிரம் பேரிங், அல்லது கிளட்சைத் தள்ளும் கம்பி.

"கீச் கீச்" என்று எலி கத்துவதாகக் கேட்கிறதே?

கிராங்க் கேஸ் பிரீதரின் ரப்பர் வால்வு கெட்டிப்பட்டிருக்கும். மலிவான பொருள், மாற்றிவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி எல்லா மூட்டிலும் எண்ணெய் கசியும்.

எண்ணெயில் மினுமினுப்பு தெரிகிறது. என்ன அர்த்தம்?

ஃபில்டரையும் இரண்டு டிரெயின் நட்டுகளையும் கழற்றி, வரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கியர், பேரிங், டேப்பெட் தட்டு. பொன்னிறத் தூள் என்றால் கன்மெட்டல் புஷ். ஒட்டாத வெளிர் சாம்பல் செதில் என்றால் பிஸ்டன். மாவு போன்ற மெல்லிய தூள் பழைய இன்ஜினில் கொஞ்சம் இருக்கவே செய்யும். நகத்தால் எடுக்குமளவு செதில் வந்தால் ஓட்டாதீர்கள்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் லேத் பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

போர் அடிக்கும் முன்பே பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்; அதன் அளவை எடுத்து அதற்கேற்பப் போர் அடிக்கச் சொல்லுங்கள். கிராங்கைச் சேர்த்தபின் டயல் கேஜில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஓட்டம் (சுழலும்போது மையம் விலகும் அளவு) 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த பிக் எண்ட் மிதக்கும் புஷ் வகை. ரோலர் வகைக்கும் மாற்றலாம். எதைப் போட்டாலும் எண்ணெய் ஓடும் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். பழைய கசடு அங்கேதான் கெட்டியாக இருக்கும். புதிய வேலைக்குப் பின் முதல் 500 கி.மீ. 50-ஐத் தாண்டாமல் ஓட்டி எண்ணெயை மாற்றுங்கள். டேப்பெட்டையும் ஹெட் நட்டுகளையும் அப்போது மறுபடி பாருங்கள்.

நெடுஞ்சாலையில் சத்தம் தொடங்கினால் வீடுவரை ஓட்டலாமா?

டிக் டிக், கடகட, கீச் கீச் என்றால் மெதுவாக வந்துவிடலாம். பிங்கிங் என்றால் கியரைக் குறைத்து, முறுக்காமல் வாருங்கள். டொக் டொக் என்ற கன அடியோ, குர்ர் என்ற முழக்கமோ, வேகம் தானாகக் குறைவதோ தெரிந்தால் உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஆறட்டும் என்று காத்திருந்து மீண்டும் கிக் அடிக்க வேண்டாம். டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, சத்தத்தைப் பற்றி மெக்கானிக்கிடம் சொல்ல நான்கு விவரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இன்ஜின் சூடா குளிரா, எந்தக் கியர், என்ன வேகம், ஆக்சிலேட்டரை விட்டபோது சத்தம் என்ன ஆனது.